அர்த்தம் இல்லாத சொல்

குருவுக்கு வயது முப்பத்தொன்பது. சீடருக்கு அறுபத்தொன்று.

சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். அந்த ஆற்றங்கரை மடத்துக்கு முதல்முறை வருகிறவர்கள் எல்லாரும் சிரித்தவர்கள்தான்.

குருவின் பெயர் தயாபரி. காவி கட்டுவதற்கு முன்னால் தென்காசிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் நடத்தியவர். சீடரின் பெயர் ஆவுடையம்மாள். கணவர் காலமான மறு வருஷம் மடத்துக்கு வந்தார். ஆறு வருஷமாக அடுக்களை அவர் பொறுப்பு. சீடர் குருவை "அம்மா" என்பார். குரு சீடரை "அக்கா" என்பார். இரண்டு பேருக்கும் அதில் ஒரு குழப்பமும் கிடையாது.

ஒரு திங்கட்கிழமை காலை. பூஜை முடிந்து, இரண்டு பேரும் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள்.

"அம்மா, எனக்கு இங்கிலீஷ் சொல்லித் தரணும்."

"முழுசுமா அக்கா?"

"முழுசும் என்னத்துக்கு? கேள்வி கேக்கத் தெரியணும். வேண்டாம்னு சொல்லத் தெரியணும். அது ரெண்டும் போதும்."

"ஆமான்னு சொல்ல வேண்டாமா?"

"அது தெரியும். 'எஸ்'. தமிழ்ல நாப்பது வருஷமா அது ஒண்ணத்தான சொல்லிக்கிட்டு இருக்கேன்."

குரு சிரித்தார். "எப்போதைக்குள்ள வேணும்?"

"வர்ற ஞாயித்துக்கிழமைக்குள்ள."

குரு கையிலிருந்த கீரையைக் கீழே வைத்தார்.

"ஞாயித்துக்கிழமை என்ன?"

ஆவுடையம்மாள் சொன்னார். மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று. மகன் சங்கரநயினார் கனடாவில் இருக்கிறான். அங்கேயே கிளாரா என்ற பெண்ணைக் கட்டிக்கொண்டான். குழந்தை பிறந்து நாலு மாதம் ஆகிறது. அம்மாவை ஒரேயடியாக அங்கே வரவழைத்துக்கொள்ளப் பார்க்கிறான். மாடியில் ஒரு அறை ஒழித்து வைத்தாயிற்று. விண்ணப்பம் எழுதி வைத்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவான். அம்மா சரி என்றால் திங்கட்கிழமை கொடுத்துவிடுவான்.

"நீங்க என்ன சொல்லியிருக்கீங்க?"

"இதுவரைக்கும் கேட்டப்பல்லாம் சரின்னுதான் சொன்னேன்."

"கிளாரா என்ன சொல்றா?"

"அவளுக்கு ரொம்ப சந்தோஷம்மான்னு நயினார் சொல்லுதான். அந்தப் பிள்ள வாயால நான் கேக்கல. நான் போன்ல 'ஈட்டிங்?' அப்படிம்பேன். அவ 'எஸ்' அப்படிம்பா. 'பேபி ஸ்லீப்பிங்?' 'எஸ்.' 'ஹாப்பி?' 'எஸ்.' அப்புறம் ரெண்டு பேரும் சிரிப்போம். நயினார் போனை வாங்கிக்கிடுவான்."

ஆவுடையம்மாள் ஒரு கீரைத்தண்டை ஒடித்துப் போட்டார்.

"என்னை அங்க வரச் சொல்றதுல அவளுக்கு நெசமாவே இஷ்டமான்னு தெரியணும்மா. தெரியாம ஒரு பொம்பளைப் பிள்ள வீட்டுக்குள்ள நான் எப்படிக் காலை வைப்பேன்?"

"உங்களுக்கு இஷ்டமா?"

ஆவுடையம்மாள் இன்னொரு கட்டுக் கீரையை எடுத்து உதறினார். கொஞ்சம் கழித்து வேறு வழி பார்த்தார்.

"இங்கிலீஷ்தான் உங்களுக்குத் தண்ணி பட்ட பாடாச்சே. நீங்களே அவகிட்டப் பேசி, கேட்டுச் சொல்லிருங்களேன்."

"பந்தியில உங்களுக்குப் பதிலா நான் சாப்பிடவா அக்கா?"

"சரி, போகணுமா வேண்டாமான்னாவது ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்க சொன்னா நான் தட்ட மாட்டேன்."

"அந்தக் கீரையில புழு இருக்கு, பாருங்க" என்றார் குரு.

அன்று மத்தியானமே பாடம் ஆரம்பித்தது.

"'யூ வான்ட் டீ.' உங்களுக்கு டீ வேணும். இது சும்மா சொல்றது. இதையே கேள்வியா கேக்கணும்னா முன்னால ஒருத்தரைக் கொண்டுவந்து நிறுத்தணும். அவர் பேர் 'டூ'. 'டூ யூ வான்ட் டீ?' வேண்டாம்னு சொல்றதுக்கும் அதே ஆள்தான் வரணும். 'ஐ டூ நாட் வான்ட் டீ.' அவசரத்துல டூவும் நாட்டும் ஒட்டிக்கிட்டு 'டோன்ட்'னு நிக்கும்."

ஆவுடையம்மாள் பத்து தடவை சொல்லிப் பார்த்தார். நாக்கு புரண்டது. மனசு ஒப்பவில்லை.

"இந்த டூவுக்கு என்னம்மா அர்த்தம்?"

"இந்த இடத்துல அதுக்கு ஒரு அர்த்தமும் இல்லை."

"அர்த்தமே இல்லாத சொல்லா? நம்மள்ல டீ வேணுமான்னா முடிஞ்சுபோச்சு. அவங்களுக்கு மட்டும் என்னத்துக்கு இந்த வெட்டி ஆளு?"

குரு யோசித்தார்.

"உங்க மகளைப் பெண் கேட்டு வந்தாங்களே, அன்னைக்கு முதல்ல யார் பேசினது? மாப்பிள்ளையா?"

"மாப்பிள்ளை எங்க பேசினாரு? அவரு காபி டம்ளரையே பாத்துக்கிட்டு இருந்தாரு. அவங்க பெரியப்பா ஒருத்தரு வந்திருந்தாரு. அவருதான் ஆரம்பிச்சாரு. 'உங்க பக்கம் மழை எப்படி?'ன்னு."

"அந்தப் பெரியப்பாவா கட்டிக்கப்போறார்?"

"அவருக்கு எழுபது வயசும்மா!"

"மழையைப் பத்தித் தெரிஞ்சுக்கவா வந்தார்?"

"மழை கெடக்கு. பேச்சைத் தொடங்கி விடணும்ல."

"அந்த இடம் ஒத்து வரலைன்னா?"

"அதுக்கு மட்டும் தனியாப் போவமா? 'வேண்டாம்'னு ஒரு வீட்டு வாசல்ல போய்ச் சொல்லணும்னா கூட ஒருத்தர் வராம முடியாதே."

"நிச்சயம் ஆயிட்டா?"

"அதை நாமளே தெருத்தெருவா ஓடிப்போய்ச் சொல்லுவோம். அதுக்கு யாரு துணை..."

ஆவுடையம்மாள் நிறுத்தினார். குரு ஸ்லேட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பெரியப்பாவா இந்த டூ?"

குரு துடைத்துக்கொண்டே இருந்தார்.

"எங்க வீட்டுக்கும் ஆறு பேர் வந்தாங்க" என்றார் ஆவுடையம்மாள், சிரித்துக்கொண்டே. "என்னைக் கேட்டுத்தான். மழையைக் கேட்டாங்க, மாட்டைக் கேட்டாங்க, எங்க ஐயாவைக் கேட்டாங்க. என்னைத்தான் கேக்கல."

செவ்வாய்க்கிழமை அடுத்த பாடம்.

"'வென்ட்'னா போனார். 'ஹி வென்ட்.' இதைக் கேள்வியாக்க 'டிட்' வரணும். 'டிட் ஹி கோ?' போனாரா?"

"வென்ட் எங்கம்மா? கோ ஆயிருச்சே?"

குரு பதில் சொல்ல வாயெடுத்தபோது, வாசலில் செருப்புச் சத்தம். பத்து நாள் தியானத்துக்கு வருவதாகக் கடிதம் எழுதியிருந்த மார்ட்டின் வந்து நின்றார். நெடிய மனிதர். முதுகில் ஆட்டுக்குட்டி அளவுக்கு ஒரு பை. வெயிலில் முகம் செம்பருத்திப் பூவாகியிருந்தது.

ஆவுடையம்மாள் ஒரே ஓட்டமாக ஓடினார். வாங்க என்று சொல்வதற்கு முன்னாலேயே பையைப் பிடித்தார். மார்ட்டின் பயந்துபோய் பையை இறுக்கிக்கொண்டார். இவர் இழுத்தார். அவர் இழுத்தார். கடைசியில் ஆவுடையம்மாள் ஜெயித்தார். பையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு முன்னால் நடந்தார். மார்ட்டின் கையை வீசிக்கொண்டு, ஒன்றும் புரியாமல், பின்னால் வந்தார்.

மூச்சு வாங்கத் திரும்பி வந்த சீடரிடம் குரு கேட்டார்:

"அவர் பையை ஏன் பிடுங்கினீங்க?"

"பிடுங்கலம்மா, வாங்கினேன். நடந்து வந்த மனுசன் சுமையோட நிக்கலாமா?"

"நீங்க வாங்கினதும் எப்படி நடந்தார்?"

"லேசா நடந்தாரு."

"வென்ட்டும் அப்படித்தான் அக்கா. அது முடிஞ்சுபோனதைச் சுமந்துக்கிட்டு வருது. டிட் வாசலுக்கு வந்து, அந்தச் சுமையைத் தான் வாங்கிக்குது. வென்ட் வெறும் கையோட 'கோ'வா உள்ளே போகுது."

ஆவுடையம்மாள் தன் இடுப்பைத் தடவிக்கொண்டார். "இந்த டிட் பாவம்மா" என்றார். "என்ன கனம்!"

புதன்கிழமை பந்தியில் ஆவுடையம்மாளுக்குச் சந்தர்ப்பம் கிடைத்தது. மார்ட்டினின் இலைக்கு முன்னால் சாம்பார் வாளியோடு போய் நின்றார். முருகனை ஒருமுறை நினைத்துக்கொண்டார்.

"டூ யூ வான்ட் சாம்பார்?"

"நோ, தேங்க்யூ" என்றார் மார்ட்டின்.

ஆவுடையம்மாளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கேட்டது புரிந்திருக்கிறது! பதிலும் வந்திருக்கிறது! அந்தச் சந்தோஷத்தில் இரண்டு கரண்டி சாம்பாரை ஊற்றினார்.

"டூ யூ வான்ட் ரைஸ்?"

"நோ, நோ. தேங்க்யூ."

சோறு விழுந்தது. கூட்டு விழுந்தது. பாயசம் மூன்று முறை விழுந்தது. நம் பக்கத்தில் யார்தான் முதல் தடவையே "போடுங்க" என்பார்கள்? வேண்டாம் என்று சொல்வது விருந்தாளியின் மரியாதை. போடுவது நம்முடைய மரியாதை. நிஜமாகவே போதும் என்றால் இலையின் மேல் கையை விரித்து மறைப்பார்கள். மார்ட்டினுக்கு அது தெரியாது. வாயால் சொன்னால் போதும் என்று நினைத்துவிட்டார், பாவம்.

வியாழக்கிழமையும் அப்படியே நடந்தது. பாடம் நன்றாகப் படிந்து வருகிறது என்று ஆவுடையம்மாள் மகிழ்ந்துபோனார்.

வெள்ளிக்கிழமை பந்தியில் மார்ட்டினைக் காணவில்லை. குரு தேடிப் போனார். கொஞ்ச நேரத்தில் தனியாகத் திரும்பி வந்தார். ஆவுடையம்மாள் கையிலிருந்த வாளியை வாங்கிக்கொண்டார்.

"இன்னைக்கு நீங்க உட்காருங்க அக்கா. நான் பரிமாறுறேன்."

"ஐயோ, நீங்களா? குரு பரிமாறி நான் சாப்பிடவா?"

"உட்காருங்க."

உட்கார்ந்தார். குரு சோறு போட்டார். சாம்பார் ஊற்றினார். ஆவுடையம்மாள் சாப்பிட்டு முடித்தார். குரு மறுபடியும் வந்து நின்றார்.

"டூ யூ வான்ட் ரைஸ்?"

"போதும்மா."

ஒரு கரண்டி சோறு விழுந்தது. அன்னத்தை வீணாக்கும் பழக்கம் ஆவுடையம்மாளுக்கு இல்லை. சாப்பிட்டார்.

"டூ யூ வான்ட் ரைஸ்?"

"வேண்டாம்மா, வயிறு நெறஞ்சிருச்சு."

இன்னொரு கரண்டி. பக்கத்து இலைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"டூ யூ வான்ட் ரைஸ்?"

"ஐ டூ நாட் வான்ட்! ஐ டூ நாட் வான்ட்!"

"நல்ல உச்சரிப்பு" என்று சொல்லி, இன்னும் ஒரு கரண்டி போட்டார் குரு. பந்தி முழுக்கச் சிரித்தது.

நாலாவது தடவை ஆவுடையம்மாள் இரண்டு கையையும் விரித்து, இலையின் மேல் கோழி அடைகாப்பதுபோல் கவிழ்ந்துகொண்டார்.

குருவின் கரண்டி அந்தரத்தில் நின்றது.

"இப்ப நிஜமாவே வேண்டாமா?"

"நெசமாத்தான்!"

"முன்னாடி மூணு தடவை சொன்னீங்களே?"

"அதுவும் நெசந்தான்!"

"அப்ப நான் ஏன் போட்டேன்?"

ஆவுடையம்மாள் மெல்ல நிமிர்ந்தார். காலியாகக் கிடந்த மார்ட்டினின் இடத்தைப் பார்த்தார்.

"அம்மா, அந்த வெள்ளைக்காரரு எங்க?"

"வைக்கோல் படப்புக்குப் பின்னால. பிஸ்கெட் சாப்பிட்டுக்கிட்டு இருக்கார். நீங்க வந்தா இல்லைன்னு சொல்லச் சொன்னார்."

ஆவுடையம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தார். அப்புறம் சிரிப்பு பாதியில் நின்றது.

"நயினார்கிட்ட நான் சரி சரின்னு சொன்னேனே. அது நெசமா, மரியாதையா?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"அப்ப அந்தப் பிள்ள எஸ் எஸ்ஸுன்னு சொன்னது?"

"இலையை எடுங்க அக்கா" என்றார் குரு. "ஈ மொய்க்குது."

சாயங்காலம் ஆவுடையம்மாள் ஒரு டம்ளர் டீயோடு வைக்கோல் படப்புப் பக்கம் போனார். அவரைக் கண்டதும் மார்ட்டின் எழுந்து நின்றுவிட்டார்.

"டூ யூ வான்ட் டீ?"

"நோ" என்றார் மார்ட்டின், பயந்துகொண்டே.

ஆவுடையம்மாளின் கை தானாக முன்னால் போனது. அதை அவர் பிடித்து நிறுத்தினார். ஒரு அடி பின்னால் வைத்தார். இன்னொரு அடி வைத்தார். அறுபத்தொரு வயதில் முதல்முறையாக, வேண்டாம் என்று சொன்ன ஒரு மனிதரை அப்படியே விட்டுவிட்டுத் திரும்பி நடந்தார்.

பின்னாலிருந்து மார்ட்டின் ஏதோ சொன்னார். திரும்பிப் பார்த்தால், இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு நிற்கிறார்.

சனிக்கிழமை முழுக்கப் பயிற்சி. கருவேப்பிலை கொண்டுவந்த பெண்ணிடம் "டூ யூ வான்ட் வாட்டர்?" என்றார். அவள், "என்னாச்சு பெரிம்மா, காய்ச்சலா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். தொழுவத்தில் செவலைப் பசுவிடம் "டூ யூ வான்ட் புல்?" என்றார். செவலை தலையை ஆட்டியது. வேண்டும் என்றா வேண்டாம் என்றா தெரியவில்லை. புல்லைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டுப் பொறுமையாகக் காத்திருந்தார். அதுவே நடந்து வந்து தின்றது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறரை மணி. அங்கே அப்போதுதான் காலை. ஆவுடையம்மாள் போனை முன்னால் வைத்துக்கொண்டு பாயில் உட்கார்ந்திருந்தார். குரு பஞ்சை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்து, விளக்குக்குத் திரி திரிக்க ஆரம்பித்தார்.

மணி அடித்தது.

"எம்மா, நல்லாருக்கியா? நாளைக்கு அந்த விண்ணப்பத்தைக் குடுத்திரட்டுமா?"

'சரிப்பா' நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஆவுடையம்மாள் முழுங்கினார்.

"நயினாரு, போனை கிளாராட்ட குடு."

"எதுக்கும்மா? என்னன்னு சொல்லு, நான் அவகிட்டச் சொல்லிக்கிடுதேன்."

"நீ குடு. குடுத்துட்டு, பிள்ளையத் தூக்கிட்டு அந்தப் பக்கம் போ."

"என்னம்மா இது, புதுசா இருக்கு!" சிரித்துக்கொண்டே கொடுத்தான்.

"ஹலோ, அம்மா" என்றது கிளாராவின் குரல்.

அவ்வளவுதான். ஒரு வாரம் படித்தது எல்லாம் பறந்துவிட்டது. ஆவுடையம்மாள் திரும்பி குருவைப் பார்த்தார். குரு நிமிரவில்லை. விரலுக்கு நடுவில் பஞ்சு சுழன்றுகொண்டிருந்தது.

"டூ..." என்றார் ஆவுடையம்மாள்.

அந்த ஒரு சொல் வெளியே வந்துவிட்டது. மற்றதெல்லாம் அதன் பின்னாலேயே மெதுவாக வந்தது.

"டூ யூ வான்ட் மீ? இன் யுவர் ஹவுஸ்? ஆல்வேஸ்?"

அந்தப் பக்கம் ஒரு கதவு சாத்துகிற சத்தம். அப்புறம், "எஸ்."

அதே பழைய எஸ். சாப்பிட்டியா எஸ், சந்தோஷமா எஸ். போன வாரம் வரைக்கும் இருந்த ஆவுடையம்மாள் இந்த இடத்தில் சிரித்துவிட்டு போனை வைத்திருப்பார்.

"கிளாரா" என்றார். "'நோ' இஸ் ஓகே. 'நோ' இஸ் குட்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வந்தது. உலகத்தில் எந்த ஊர்ப் பிள்ளை அழுதாலும் அந்தச் சத்தம் ஒன்றுதானே.

"ஐ டோன்ட் நோ, அம்மா" என்றாள் கிளாரா. "ஐ டோன்ட் நோ."

டோன்ட். ஆவுடையம்மாளுக்கு அந்த ஆளைத் தெரியும். டூவும் நாட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கிற ஆள். அந்தப் பிள்ளையும் அவரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு வெளியே வந்திருக்கிறாள்.

"ஓகே, ஓகே" என்றார். வேறு என்ன சொல்வதென்று தெரியாமல், குழந்தையைத் தட்டிக்கொடுப்பதுபோல் போனைத் தட்டினார்.

அப்போது கிளாரா கேட்டாள். ஒவ்வொரு சொல்லாக, இவருக்குப் புரியவேண்டும் என்று, நிறுத்தி நிறுத்திக் கேட்டாள்.

"அம்மா, டூ யூ வான்ட் டு கம்?"

ஆறு பேர் வந்து கேட்காத கேள்வி. மகன் கேட்காத கேள்வி. கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, பாஷை தெரியாத ஒரு பிள்ளை கேட்கிறாள்.

நாக்கு நுனியில் எஸ் தயாராக நின்றது. டீ டம்ளரைப் பிடித்து நிறுத்தியதுபோல் அதைப் பிடித்து நிறுத்தினார்.

"ஐ வான்ட் பேபி. ஐ வான்ட் யூ" என்றார். மூச்சு விட்டுக்கொண்டார். "ஐ டூ நாட் வான்ட்... ஆல்வேஸ். ஐ கம். ஐ கோ. த்ரீ மன்த்."

சொல்லி முடித்ததும் பயம் வந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டார். முருகா என்றார்.

கிளாரா சிரித்தாள். இத்தனை நாளும் சிரித்த சிரிப்பு இல்லை. வயிற்றிலிருந்து வந்த சிரிப்பு.

"த்ரீ மன்த்ஸ்! எஸ்! எஸ், அம்மா, எஸ்!"

ஆவுடையம்மாளும் சிரித்தார். இதுவும் எஸ்தான். ஆனால் எத்தனை வித்தியாசம்!

"அம்மா, டிட் யூ ஈட்?" என்றாள் கிளாரா.

நயினார் போனில் கேட்பதைக் கேட்டுக் கற்றுக்கொண்டிருப்பாள்போல. ஆவுடையம்மாளுக்கு இடுப்பிலிருந்து எதையோ இறக்கி வைத்ததுபோல் இருந்தது.

நயினார் போனை வாங்கினான்.

"எம்மா, என்ன சொன்ன அவகிட்ட? அழுதுகிட்டே சிரிக்கா!"

"நாளைக்கு விண்ணப்பத்தைக் குடுக்காத நயினாரு. மூணு மாசம் வந்து உங்ககூட இருந்துட்டு வாரேன். அதுக்கு என்ன செய்யணுமோ அதைச் செய்யி."

"நீதானம்மா சரி சரின்ன? நான் எத்தனை தடவை கேட்டேன்?"

"டிக்கெட் போட்டிரட்டுமான்னு கேட்ட. குடுத்திரட்டுமான்னு கேட்ட. எம்மா, உனக்கு இஷ்டமான்னு கேட்டியாப்பா?"

"நீ அங்க தனியா கெடக்கியேன்னுதாம்மா" என்றான். குரல் இறங்கிவிட்டது.

"தெரியும்ப்பா. உன் மனசு தெரியாதா எனக்கு? ஆனா நான் தனியா இல்ல." ஆவுடையம்மாள் பக்கத்தில் பார்த்துக்கொண்டார். "மூணு மாசத்துக்கு அந்த மாடி ரூம்ல ஒரு அம்மிக்கல்லுக்கு இடம் இருக்கான்னு பாரு."

"எம்மா, அம்மியை பிளேன்ல விடமாட்டான்!"

"கேட்டுப் பாத்தியா?"

நயினார் சிரித்துவிட்டான்.

போனை வைத்தபோது வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. பூஜைக்கு மணி அடிக்கவேண்டிய நேரம். குரு எழுந்திருக்கவில்லை. ஆவுடையம்மாள் அப்போதுதான் குருவின் மடியைப் பார்த்தார். அன்றைய விளக்குக்கு ஐந்து திரி போதும். மடியில் ஒரு மாதத்துக்கு ஆகிற திரி கிடந்தது. குருவின் விரல்கள் இன்னும் திரித்துக்கொண்டிருந்தன.

"அம்மா, ஒரு கேள்வி."

"கேளுங்க அக்கா."

"நான் பேசுனப்ப நீங்க ஒரு வார்த்தை எடுத்துக் குடுக்கல. நான் முழிச்சப்பக்கூட நிமிந்து பாக்கல. பின்ன எதுக்கும்மா இம்புட்டு நேரம் பக்கத்துலயே உக்காந்திருந்தீங்க?"

குரு திரிகளை அள்ளித் தட்டில் போட்டார். மடியில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்தார்.

"அர்த்தம் ஒண்ணும் இல்லக்கா" என்றார்.